வெளியாடு ஏதும் வந்ததா?

எனக்குப் பகலிலேயே கனவு வரும். அதற்குக் கண்ணை மூட வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து புதூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும். கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிய ஆரம்பித்ததும் மனசு பஸ்ஸை விட்டு இறங்கி அதன்பாட்டுக்கு நடக்கத் தொடங்கிவிடும். கண்டக்டர் இரண்டு தடவை அதட்டிய பிறகுதான் டிக்கெட் வாங்குவேன். எனக்குக் கோபம் மட்டும் முழு விழிப்போடு வரும். இந்த லட்சணத்தில் இருப்பவளைக் கால்நடைத் துறையில் ஆட்டு நோய்களுக்குத் துப்புத் துலக்கும் வேலைக்கு எப்படி எடுத்தார்கள் என்று மதினி கேலி செய்வாள்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஊரில் எங்கள் வீட்டையும் ஆட்டு மந்தையையும் கட்டிக் காத்தது அவள்தான். கோடையில் சொந்தக்காரர்களோடு சேர்ந்து மந்தையை மேற்கே நெல் வயல்களுக்கு ஓட்டிப் போவாள். அங்கே ஆடுகளை வயலுக்குள் அடைத்துக் கிடை போடுவார்கள். ஆடு படுத்த இடம் எருவாகும். மழைக்கு முன் ஊர் திரும்பி, அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்துப் புஞ்சைகளிலும் கிடை போடுவாள். அவள் மந்தை படுத்த நிலத்தில் மறுவருஷம் பருத்தி எப்படி நிற்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வருஷம் வரைக்கும் சொன்னார்கள்.

அந்த வருஷம் கார்த்திகையில் நோய் வந்தது. முதலில் காய்ச்சல், பிறகு மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல். ஒரு வாரத்தில் ஆடு காலை நீட்டிவிடும். ஆட்டுக்கொல்லி என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவர்கள் ஒளிவு மறைவு இல்லாதவர்கள். மனுசருக்கு ஒட்டாது; ஆட்டுக்கு ஆடு மூச்சிலும் சளியிலும் தாவும், அவ்வளவுதான். ஆனால் கொரோனா வந்து போன ஊர். ஆளாளுக்கு டாக்டர். "ஆட்டுக்கும் மாஸ்க் மாட்டணுமாக்கா?" என்று சின்னஞ்சிறுசுகள் என்னைக் கிண்டல் செய்தன. பெரியவர்களோ வேறொன்று கேட்டார்கள். "யாரு கொண்டாந்தது?"

அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். கையில் படிவம் இருந்தது. முதல் ஆடு எப்போது செத்தது, தடுப்பூசி போட்டதா, மந்தை வெளியூர் போய் வந்ததா, வெளியாடு ஏதும் மந்தையில் சேர்ந்ததா. வீடு வீடாகக் கேட்டு எழுதினேன். முதல் சாவு மதினியின் மந்தையில். மேற்கேயிருந்து அவள் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊசி போட ஆள் வந்தபோது அவள் மந்தை ஊரில் இல்லை. வெளியாடு வந்ததா என்ற கேள்விக்கு ஊர் முழுக்க ஒரே பதில்: இல்லை. எல்லாம் அழகாகப் பொருந்தியது. அழகாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொந்த மதினி என்பதால் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு வேறு. நோய் தொடங்கிய இடம் என்று போட்டிருந்த கட்டத்தில் அவள் மந்தையை எழுதினேன்.

எழுதியதோடு விட்டேனா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு அதைப் போனில் வாசித்தும் காட்டினேன். எங்கள் ஊர் டீக்கடையில் போன் பேசுவதும் மைக்செட்டில் பேசுவதும் ஒன்றுதான். நான் பஸ் ஏறுவதற்குள் மதினிக்கு ஒரு பட்டம் கிடைத்துவிட்டது. கொள்ளநோயக் கொண்டாந்தவ.

அதற்குப் பிறகு அவள் ஆடுகள் கண்மாயில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார்கள். பொதுப் பாதையில் வரக் கூடாது என்றார்கள். இனி எவன் புஞ்சையிலும் அவள் கிடை விழாது என்றார்கள். பாதிக்கு மேல் செத்துப்போய் மீந்து நின்ற ஆடுகளுக்கு அவள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். மாசிக்குள் இதற்கொரு வழி பிறக்காவிட்டால் மிச்சத்தையும் தள்ளிவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகப்போவதாக அண்ணனிடம் போனில் சொல்லியிருந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனால் "சாப்பிட்டியாட்டி?" என்றுதான் கேட்டாள். சோறு போடுவாள். எழுதியது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதே தெரியாமல் பிசைந்துகொண்டிருப்பேன்.

சந்தேகம் பிறகுதான் முளைத்தது. மேலத்தெருவில் ஒரு அக்கா, ஊரிலேயே பெரிய மந்தைக்காரர் வீட்டு மருமகள், என்னைத் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காதோடு சொன்னாள். "எங்க மாமா சொல்லக் கூடாதுன்னுட்டாவ. எங்க வீட்டுல உங்க மதினிக்கு முன்னாடியே ரெண்டு குட்டி போச்சு. குழி தோண்டிப் பொதச்சிட்டோம்."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவள் மாமனார் மேல், மீதி என் மேல். மதினி வீட்டில் முதல் ஆடு விழுந்த அன்றைக்கே எனக்குப் போன் போட்டு அழுதாள். மற்றவர்கள் அழவில்லை, மறைத்தார்கள். முதலில் அழுதவளையே முதலில் நோயைக் கொண்டுவந்தவளாக நான் எழுதிவிட்டேன். அவள் மந்தைக்கு ஊசி போடாததால் அங்கே சாவு அதிகம். அதிகம் செத்ததால் எல்லோர் கண்ணுக்கும் பட்டது. எங்கே அதிகம் சாகிறது என்பது ஒரு கேள்வி, எங்கிருந்து வந்தது என்பது வேறொரு கேள்வி. படித்த நாளில் இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மூன்று இடத்து ஆடுகளிலிருந்தும் மூக்குச் சளி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தோம். மதினி மந்தை, மேலத்தெரு மந்தை, அதே நோய் விழுந்த பக்கத்து ஊர் மந்தை ஒன்று. அங்கே வைரஸின் எழுத்துகளை வரிசையாகப் படித்துச் சொல்வார்கள். அது என்னத்துக்கு என்று மதினி கேட்டாள். ஆட்டின் வாயைப் பிளந்து மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டிருந்தாள். நான் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, முளைப்பாரிக் கும்மியில நாம 'தெக்குச் சீமை'ன்னு பாடுவோம்லா. பக்கத்து ஊர்ல எப்படிப் பாடுதாவ?"

"அவளுவ 'தேக்குச் சீமை'ம்பாளுவ. காதுல சரியா வாங்காத கழுதைக."

"அப்ப ஒருத்தி எங்கயோ 'தேக்குச் சீமை'ன்னு பாடினா?"

"அந்த ஊர்க்காரிக்கிட்டப் படிச்சிருப்பா. இல்ல, அந்த ஊர்க்காரிக்கிட்டப் படிச்சவக்கிட்டப் படிச்சிருப்பா." சொல்லிவிட்டு மதினி கையை நிறுத்தினாள். "வைரஸும் அப்படித் தப்பாப் பாடுமாட்டி?"

பாடும். ஒரு ஆட்டிலிருந்து இன்னொரு ஆட்டுக்குப் போகையில் தன்னைத்தானே படி எடுக்கும்; எடுக்கும்போது எங்காவது ஒரு எழுத்து பிசகும். பிசகியது பிசகியபடியே அதன் பிள்ளைகளுக்குப் போகும். எந்த மந்தையில் எந்தப் பிழை இருக்கிறது என்று பார்த்தால் யார் யாரிடம் படித்தார்கள் என்று வம்சாவளி போட்டுவிடலாம். ஆறு வருஷம் நான் படித்ததை மதினி ஒரு ஆட்டு வாய்க்கு மருந்து தடவி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். கும்மியில் முன்பாட்டுக்காரி என்றால் சும்மாவா?

மார்கழி முடிகிற சமயம் அந்த வம்சாவளி என் போனுக்கு வந்தது. பஸ்ஸில் இருந்தேன். சாய்ந்து கிடக்கும் மரம் போலப் படம். கோடுகள் பிரிந்து பிரிந்து நுனியில் ஒவ்வொரு மந்தையின் எண். வெளியே மக்காச்சோளமும் உளுந்தும் பனியில் நனைந்து நின்றன. பார்த்துக்கொண்டே இருந்ததில் காடு முழுக்க அந்தக் கோடுகள் ஓடுவதுபோல் ஒரு மயக்கம். வரப்பு பிரிந்து வண்டிப் பாதையாகி, பாதை பிரிந்து ஒற்றையடித் தடமாகி, தடத்தின் நுனியில் ஒரு ஆடு. பின்னாலேயே போனால் இந்த நோய்க்கு ஒரு தாய், அதற்கொரு தாய், இந்த மண்ணில் இல்லாத ஆடுகள், நான் பார்த்தே இராத பாலைவனத்து ஆடுகள் எல்லாம் தும்மிக்கொண்டே வரிசையில் நின்றன. முதல் என்று ஒன்று அகப்படவே இல்லை. யார் கொண்டாந்தது என்று கேட்டால் அந்த மரம் பேசவில்லை. யாருக்கு யார் சொந்தம் என்று கேட்டால் சொல்லிற்று.

சொன்னது இது. மதினி மந்தையின் வைரஸ் மற்ற இரண்டுக்கும் தாய் இல்லை. மூன்றும் உடன்பிறப்புகள். மூன்றுக்கும் பொதுவான பிழைகள் சில இருந்தன, பிறகு அவரவர் சொந்தப் பிழைகள். ஒருவரின் சொந்தப் பிழை இன்னொருவரிடம் இல்லை. அப்படியானால் மூவரும் தனித்தனியே ஒரே இடத்தில் படித்திருக்கிறார்கள். மரத்தில் மூன்று கிளையும் பிரிகிற அந்த முடிச்சில் எந்த மந்தையின் பெயரும் இல்லை. வெறும் புள்ளி. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போய் இறங்கித் திரும்பி நடந்தேன்.

மதினி மோர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே அந்தப் புள்ளியை நினைத்திருந்தபோது, கதவை முட்டித் திறந்துகொண்டு ஒரு பெரிய கருப்புக் கிடா வீட்டுக்குள் வந்தது. கழனித் தண்ணித் தொட்டியில் தலையை விட்டது. மதினி அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி வந்துட்டாரு."

யாரோ கோவிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா. காதைக் கொஞ்சம் கீறி அடையாளம் வைத்து அவிழ்த்து விட்டுவிட்டால் அதற்குப் பிறகு அதைக் கட்டிப்போட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். எந்தக் காட்டிலும் மேயலாம், எந்த மந்தையோடும் படுக்கலாம். சிறு வயதிலிருந்து இப்படிக் கிடாக்களைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கும் அது ஆடாகப் படுவதில்லை.

"மதினி, இது எங்கெங்க போகும்?"

"எங்கன போகாது? மேலத்தெருவுல அடையும், பக்கத்து ஊர்ல அடையும். ரோட்டுல சந்தைக்குப் போற லாரிய நிறுத்தி ஆடுகளுக்குத் தண்ணி காட்டுதாவள்லா, அங்கயும் போயி நிக்கும். பழத்தொலி கிடைக்கும்லா."

"நம்ம மந்தையோட அடைஞ்சிச்சா?"

"நாங்க மேக்கேருந்து வந்த நாள்லேருந்து இங்கனதான்."

"வெளியாடு ஏதும் வந்ததான்னு உங்கக்கிட்டக் கேட்டேனே மதினி! படிவத்துலயே இருந்துச்சே!"

மதினி என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான குழப்பம் இருந்தது. "இது வெளியாடா? இது சாமில்லாட்டி."

நான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். இந்த ஒரு கேள்விக்குப் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. மூன்று மந்தைக்காரர்களும் மனசறிந்து உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். சாமி கிடாவுக்கு ஊசியும் போட்டிருக்க மாட்டார்கள், உடம்பில் குத்தினால் ஊனம் என்பார்கள். ஊர் முழுக்கச் சுற்றுகிற ஒரே ஆடு, ஊசியே போடாத கிடா, எந்தக் கணக்கெடுப்பிலும் வராத ஒரே உயிர்.

ரத்தம் எடுக்கப் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. அதன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வரக் கூடாது என்றார். பிடித்து மூக்கைத் துடைக்கலாமா என்றேன். அதற்கும் யோசித்தார். கடைசியில் புழுக்கை எடுத்துக்கொள்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார். "அது பிரசாதம் கெடயாது, எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கிடுங்க."

வளர்ந்த கிடா நோயைத் தாங்கிப் பிழைத்திருக்கும்; தீர்ந்த பிறகும் புழுக்கையில் வைரஸின் எழுத்துகள் இரண்டு மூன்று மாதம் கிடக்கும். அதற்காக ஒரு நாள் பூராவும் அந்தக் கிடாவின் பின்னால் கையில் பிளாஸ்டிக் டப்பாவோடு நடந்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு நாள் வந்ததில்லை. அதற்கு அவசரம் இல்லை, எனக்கும் இல்லாமல் போயிற்று. பருத்திக்குள் நுழைந்தது, நான் வரப்பில் நின்றேன். வேலிக் கருவேலின் நெற்றைத் தின்றது. கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பி ஒரு கட்டத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். உச்சி வெயிலில் கண்மாய்க் கரையில் அது படுத்து அசைபோட, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதன் மூச்சு என் கையில் பட்டது. இத்தனை சாவையும் சுமந்து வந்த மூச்சு. அதற்கு ஒன்றுமே தெரியாது. சாயங்காலம் எழுந்து, மேலத்தெரு மந்தை வீடு திரும்புவதைக் கண்டதும் சொந்த வீட்டுக்குப் போவதுபோல் அதன் நடுவில் புகுந்துகொண்டது. ஒவ்வொரு ஆட்டின் முகத்தோடும் முகம் வைத்துப் பார்த்தது. டப்பா நிறைந்திருந்தது. பொம்பளைகள் வாசலில் நின்று சிரித்தார்கள். "சாமிக்குப் பின்னாடியே போயி வரம் வாங்கிட்டியாட்டி?"

மாசி பிறந்து முடிவு வந்தது. மூன்று மந்தைக்கும் பொதுவாக இருந்த பிழைகள் அத்தனையும் கிடாவின் வைரஸில் இருந்தன. அவரவர் சொந்தப் பிழைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. வெறும் புள்ளியாக இருந்த இடத்தில் கிடா போய்ச் சரியாக உட்கார்ந்துகொண்டது. அதற்கும் முன்னால் சந்தை லாரி ஆடுகள் இருந்திருக்கும், அவற்றுக்கும் முன்னால் எத்தனையோ.

வெள்ளிக்கிழமை காலை கோவில் முன்னால் ஊர் கூடியது. மதினியும் வந்து ஓரமாக நின்றாள். நான் மரத்தை ஒரு பெரிய காகிதத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். கும்மிப் பாட்டைச் சொல்லி விளக்கினேன். பெண்கள் பக்கம் உடனே தலை ஆட்டினார்கள், ஆண்கள் பக்கம் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் முதலில் எழுதியது தப்பு என்றும் சொன்னேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அப்போது மேலத்தெரு மந்தைக்காரர், குட்டிகளைக் குழி தோண்டிப் புதைத்தவர், மதினிக்குப் பட்டம் கட்டியவர்களில் முதல் ஆள், எழுந்து கோவிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி கொண்டாந்ததுன்னா நாம என்னத்தச் சொல்ல? நம்ம மேல ஏதோ கொற. அந்த வாயில்லா சீவனுக்கு என்ன தெரியும்? தெரியாம செஞ்சது."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூன்று மாதமாக ஊரைப் பிடித்திருந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் வடிந்துபோனது. அடுத்த கோவில் கொடை விழாவுக்குக் கூடுதலாகப் பொங்கல் வைப்பது என்று பேச்சு திரும்பியது. ஒருவர் மதினியைப் பார்த்து, "நாளைக்கே நம்ம புஞ்சையில கிடையப் போடும்மா" என்றார், பெரிய மனசு பண்ணி.

மதினி முன்னால் வந்தாள். அவள் குரல் கும்மிக்கு எழும்புகிற குரல்.

"அண்ணாச்சி, நான் கொண்டாந்தேன்னு சொன்னீயள்லா, அன்னைக்கு இதுல ஒருத்தராவது 'அவ தெரியாம செஞ்சிருப்பா'ன்னு சொன்னீயளா? அந்தக் கிடாவுக்கு இப்பச் சொன்னியளே, அந்த ஒத்த வார்த்த. அது எனக்கு ஏன் இல்ல?"

கேட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். நான் காகிதத்தைச் சுருட்டிக்கூட எடுக்காமல் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டுக்குள் வந்து இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். எனக்குச் சந்தோஷம் பொங்கியது, கூடவே கூச்சமும். "மதினி, மொதல்ல எழுதினது நாந்தான். டீக்கடையில சொன்னதும் நாந்தான். அப்பவே உங்கக்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ட்டி. அன்னைக்கே தெரியும்."

"பெறகு ஏன் என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

"படிச்ச புள்ள எழுதினா சரியாத்தான இருக்கும். ஊர் சொன்னத நான் நம்பல. நீ சொன்னத நம்பினேன்." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேக்கேருந்து நாந்தான் ஏதோ கொண்டாந்து எல்லாத்தையும் கொன்னுட்டேன்னு நெனச்சேன். அடுத்த வீட்டுக் குட்டியளயும் சேத்து. தண்ணி ஊத்தும்போதெல்லாம் அதான் நெனப்பு."

ஊருக்கு வரைந்து காட்டினேன், பூசாரிக்கு விளக்கினேன், அலுவலகத்துக்கு எழுதினேன். இவளிடம் கும்மிப் பாட்டெல்லாம் பேசினேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

"அப்ப நான் கொல்லலயாட்டி?" என்றாள் மதினி.

"இல்ல மதினி. நீங்க கொல்லல."

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். அவள் வாய்விட்டு அழுதாள்.